மூச்சை இழுப்பது பெட்டி, சளியை எடுப்பது நீங்கள்

கேள்வி: என் அண்ணாவுக்கு 43 வயது, கனடாவில் இருக்கிறார். ஐந்து வருடங்களுக்கு முன் பனியில் கார் சறுக்கியதில் கழுத்து முறிந்தது. இரண்டாம் கழுத்தெலும்பு மட்டத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டுவிட்டது. கை, கால் இயங்காது. முதலில் நாள் முழுவதும் வென்டிலேற்றரில் இருந்தார். பிறகு சத்திரசிகிச்சை செய்து நெஞ்சுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். இப்போது நெஞ்சின் இரு பக்கமும் தோலில் ஒவ்வொரு வளையம் ஒட்டியிருக்கிறது. அதிலிருந்து வயர் ஒரு சிறு பெட்டிக்குப் போகிறது. அதற்குச் சதுரமான சிறிய பற்றரி போடுகிறார்கள். பகலில் இது, இரவில் வென்டிலேற்றர். தைப்பொங்கலுக்கு அண்ணியுடன் வந்து பங்குனி வரை தருமபுரத்தில் எங்களோடு இருக்க ஆசைப்படுகிறார். அம்மாவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், மறு பக்கம் நித்திரை இல்லை. கரண்ட் போனால் மூச்சு நின்றுவிடுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறார்; கூட்டிப் போகலாமா? இன்னொன்று: எங்கள் அயலில் ஒரு தம்பி பனையிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டவர். முழங்கையை மடக்குவார், விரல்கள் இயங்காது. சளி கட்டி அடிக்கடி வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவருக்கும் இந்தக் கருவி வைக்கலாமா?
– ஒரு சகோதரி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அம்மாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பகலில் கரண்ட் போனால் அண்ணாவின் மூச்சுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெட்டிக்குச் சுவரில் செருகும் மின்சாரம் தேவையில்லை. நீங்கள் சொல்லும் சதுரப் பற்றரி 9 வோல்ட் பற்றரி, அதுவே போதும். கிளிநொச்சிக் கடைகளிலும் அது கிடைக்கும். ஆனால் எத்தனை மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது என்று கடைக்காரருக்கே தெரியாத பற்றரியை நம்பி மூச்சு விட வேண்டாம். அங்கே பாவிக்கும் அதே வகையை இரண்டு மாதத்துக்குப் போதுமான அளவும் அதற்கு மேல் ஒரு பங்கும் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் பயப்பட வேண்டியது இரவுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடைபோல் கவிந்திருக்கும் தசை பிரிமென்தகடு. இந்தியப் புத்தகங்களில் உதரவிதானம் என்று போட்டிருப்பார்கள். அது கீழே இறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று வருகிறது. இறங்கு என்ற கட்டளை மூளையின் அடியிலிருந்து முள்ளந்தண்டு வடம் வழியாக வந்து, கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மட்டங்களில் வெளியேறி, வலது இடது என இரண்டு நரம்புகளில் இறங்குகிறது. அண்ணாவுக்குப் பாதிப்பு இரண்டாம் மட்டத்தில். கட்டளை அங்கேயே நின்றுவிடுகிறது. ஆனால் அதற்குக் கீழே நரம்பும் உயிரோடு இருக்கிறது, தசையும் இருக்கிறது. அந்த நரம்புகளில் ஒவ்வொரு மின்முனையைப் பொருத்தி, தோலுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு சிறு வாங்கியைப் புதைத்திருக்கிறார்கள். வெளியே ஒட்டியிருக்கும் வளையம் வானொலி நிலையம் என்றால், உள்ளே இருப்பது வானொலிப் பெட்டி. வளையத்திலிருந்து அலை போகிறது, நரம்பு துடிக்கிறது, தசை இறங்குகிறது. உள்ளே பற்றரி இல்லை. ஆகவே பற்றரி மாற்ற நெஞ்சைத் திறக்க வேண்டியதும் இல்லை.

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1960களிலேயே இதில் இறங்கிவிட்டார். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, பிரிமென்தகட்டுத் தசையிலேயே கம்பிகளைப் பொருத்தி, அவற்றைத் தோல் வழியே வெளியே எடுக்கும் இன்னொரு வகையும் உண்டு. குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003இல் வைத்தது அந்த வகை. அண்ணாவுடையது, உங்கள் விவரிப்பின்படி, முதல் வகை. தோலைத் துளைத்து வெளியே வரும் கம்பி இல்லாததால் அந்த வழியாகக் கிருமி புகும் கவலை குறைவு.

அண்ணா வந்ததும் பகலில் ஒருமுறை சட்டையைத் திறந்து அம்மாவை அருகில் இருத்துங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் மேல்வயிறு மெல்ல எழும். அதே நேரத்தில் நெஞ்சின் மேற்பகுதி சற்று உள்ளே போகும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் வேலை செய்யாததால் அப்படி. முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு மூச்சுத் திணறுகிறது என்றே தோன்றும். அவருக்கு அதுதான் சரியான மூச்சு. வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் எழும்பி மறுபக்கம் சும்மா இருந்தால், அந்தப் பக்க வளையம் நகர்ந்திருக்கிறது, வயர் கழன்றிருக்கிறது, அல்லது பற்றரி முடிந்திருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு என்று கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டியவை இந்த மூன்றும்தான்.

பெட்டி செய்யாத இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வேகத்தை மாற்றுவது. நமக்குக் காய்ச்சல் வந்தால் மூச்சு தானாக விரைகிறது. அண்ணாவின் பெட்டி வைத்த கணக்கிலேயே இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் பலர் வாங்கி வைத்தது வீடுகளில் சும்மா கிடக்கிறது. இரண்டாவது, இருமுவது. இதுதான் பெரியது. கருவி மூச்சை உள்ளே இழுக்கும், அவ்வளவுதான். இருமலுக்கு வயிற்றுத் தசைகள் பலமாக இறுக வேண்டும். அவை அண்ணாவுக்கு இல்லை. சளி சேர்ந்தால் அது தானாக வெளியே வராது. கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சளி அடைத்த குழாய்க்குள்ளே காற்று போகாது.

சில வருடங்களுக்கு முன், மூச்சு விடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்த ஒருவரைப் பார்க்க முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பிய சளி உறிஞ்சும் இயந்திரம் அலுமாரிக்கு மேலே இருந்தது. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை. பழுதாகிவிடும் என்று பத்திரப்படுத்தியிருந்தார்கள்! இறக்கி, தூசு தட்டி, செருகியபோது எந்தக் குழாய் எந்த வாயில் மாட்டுவது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, அன்றைக்கு அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

அண்ணிக்கு எல்லாம் தெரியும் என்பீர்கள். தெரிந்திருக்கும். ஆனால் அண்ணி ஒருவரே இரண்டு மாதம் விழித்திருக்க முடியாது. அவர் கிணற்றடிக்குப் போன ஐந்து நிமிடத்தில்தான் சளி அடைக்கும். ஆகவே வீட்டில் குறைந்தது மூன்று பேர் மூன்று வேலை பழக வேண்டும்: அண்ணாவின் கழுத்திலும் இருக்கும் அத்தகைய குழாய்க்குள் சளி உறிஞ்சுவது, அம்பூ பையால் (கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும் பை) காற்றுக் கொடுப்பது, வயிற்றை அமர்த்தி இருமலுக்கு உதவுவது. உறிஞ்சும்போது சுத்தமான கை, புதிய மெல்லிய குழாய். உள்ளே விடும்போது உறிஞ்சக்கூடாது, வெளியே எடுத்துக்கொண்டே உறிஞ்ச வேண்டும். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். உங்கள் மூச்சை நீங்களும் அடக்கிப் பாருங்கள், பத்து விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். அண்ணாவின் கழுத்துக் குழாயில் அதே அளவில் ஒன்றும், ஒரு அளவு சிறியதில் ஒன்றும் எப்போதும் அவரோடு இருக்க வேண்டும்; வீட்டில் ஒரு பெட்டிக்குள் அல்ல, சக்கர நாற்காலியின் பையில்.

வென்டிலேற்றரோடு ஒப்பிட்டால் ஒரு வசதி உண்டு. அதில் சளி எடுக்கக் குழாயைக் கழற்றினால் மூச்சும் நிற்கும். பெட்டியில் இருக்கும்போது நீங்கள் சளி எடுத்துக்கொண்டிருக்கவே அது தன் பாட்டில் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும்.

இனி இரவுக்கு வருவோம். இரவில் வென்டிலேற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். வென்டிலேற்றரின் மின்னேற்றியிலும் சளி உறிஞ்சும் இயந்திரத்திலும் எழுதியிருப்பதை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100 முதல் 240 வரை என்று இருந்தால் செருகு மாற்றி மட்டும் போதும். 120 என்று மட்டும் இருந்தால் வந்த அன்றே புகை கிளம்பும். உறிஞ்சும் இயந்திரத்தை இங்கேயே வாங்கிவிடுவது நல்லது. கூடவே காலால் மிதித்து இயக்கும் வகை ஒன்றும்.

மின்வெட்டைப் பற்றி வன்னிக்காரருக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் அணைந்தது. குரங்குகளுக்கு நாம் முன்னறிவித்தல் கொடுக்கச் சொல்ல முடியாது. ஆகவே வென்டிலேற்றரின் உள்பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும், மேலதிகப் பற்றரி உண்டா, ஒரு சிறு ஜெனரேற்றரை யார் இயக்குவது என்பவை அவர் விமானம் ஏறுமுன் முடிவாக வேண்டும். இன்னொரு கேள்வியை அவருடைய வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்: வென்டிலேற்றர் நின்றால் இரவு முழுவதும் பெட்டியிலேயே இருக்கலாமா? வென்டிலேற்றரில் கிடந்த காலத்தில் பிரிமென்தகடு மெலிந்து போயிருக்கும்; அதைச் சில நிமிடங்களில் தொடங்கி மாதக்கணக்கில் பயிற்றித்தான் பகல் முழுவதும் தாங்கும் நிலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். 24 மணி நேரம் தாங்குமா என்பதை அவருடைய குழுதான் சொல்ல முடியும். தாங்கினாலும், நித்திரையில் பெட்டியில் இருந்தால் கழுத்துக் குழாயின் மூடி திறந்திருக்க வேண்டும். நாம் மூச்சு இழுக்கும்போது தொண்டைத் தசைகளும் கூடவே விரிந்து வழிவிடும். பெட்டி இழுக்கும் மூச்சுக்குத் தொண்டை அப்படி ஒத்துழைக்காது. நித்திரையில் அது ஒட்டிக்கொள்ளக்கூடும்.

பகலில் மூடி போட்டிருப்பார். அதனால்தான் தொலைபேசியில் குரல் தெளிவாகக் கேட்கிறது. மூடியோ பேச்சு வால்வோ போடுமுன், குழாயைச் சுற்றி உள்ளே இருக்கும் பலூன் காற்று முழுவதும் இறக்கப்பட்டிருக்க வேண்டும். பலூன் ஊதியபடி மூடினால் மூச்சுக்கு வழியே இல்லை. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள்.

அவர் பேசும்போது நடுவில் நடுவில் நிற்பார். பெட்டி மூச்சை இழுக்கும்வரை காத்திருக்கிறார். மூச்சு வெளியே போகும்போதுதான் சொல் வரும். அம்மா பொறுக்க மாட்டாமல் மீதி வாக்கியத்தைத் தானே சொல்லி முடிப்பார், எல்லா அம்மாமாரும் அப்படித்தான். விட்டுவிடச் சொல்லுங்கள். சாப்பாட்டிலும் அதே தாளம்: பெட்டி இழுக்கும் கணத்தில் விழுங்கினால் உணவு மூச்சுக் குழாய்க்குள் போகக்கூடும். நிமிர்ந்து இருத்தி, சிறு கரண்டியால், அவர் கண் காட்டியபிறகு ஊட்டுங்கள். வென்டிலேற்றர் காலத்தில் காற்று மூக்கு வழியே போகாததால் மணம் தெரிந்திருக்காது. இப்போது தெரியும். அம்மா ஒடியல் கூழ் காய்ச்சட்டும். குடிப்பது நாலு கரண்டியானாலும் மணம் முழுவதும் அவருக்குத்தான்.

நாற்காலியில் இருத்தும்போது வயிற்றைச் சுற்றி அகலப் பட்டி கட்டுவது வழக்கம். கட்டாமல் இருத்தினால் வயிறு முன்னே சரிந்து, பிரிமென்தகடு தட்டையாகி, மூச்சு சிறுக்கும். கட்டுநாயக்காவிலிருந்து வரும் ஏழெட்டு மணி நேர வான் பயணத்தில் இதை மறந்துவிட வேண்டாம். வழியில் நிறுத்தி நிறுத்திச் சாய்த்து விடுங்கள், இருந்த இடத்தில் தோல் புண்ணாகாமல் இருக்கவும் அது வேண்டும். கிணற்றடியில் அள்ளி வார்த்துக் குளிக்கும் ஆசை வரும். வளையத்திலும் பெட்டியிலும் நீர் படக்கூடாது. கட்டிலில் துடைத்துவிடுவதோடு நிறுத்துங்கள்.

தை தொடக்கம் என்பது நல்ல தெரிவு. கழுத்து மட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உடலின் பெரும் பகுதி வியர்க்காது. வெயிலில் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரையின் கீழ் அவரை வைத்திருப்பது ஆபத்து. ஓலை வேய்ந்த கொட்டில் இருந்தால் அதுவே அவருடைய பகல் அறை. ஈரத் துணி, நீர் தெளிக்கும் போத்தல், மின்விசிறி மூன்றும் வேண்டும். வளவுத் தூசு குழாய்க்குள் போகாமல் அதன் வாயில் மாட்டும் வடிகட்டி மூக்கும் வேண்டும்.

வருமுன்னரே ஒரு நாள் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், பொது வைத்திய நிபுணரையும் மயக்கமருந்து வைத்தியரையும் கண்டு, இப்படி ஒருவர் வருகிறார் என்று சொல்லுங்கள். நள்ளிரவில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சில் போய் இறங்கி விளக்குவதைவிட இது லேசு. கையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும். அதில் இரண்டு விடயம் கட்டாயம். ஒன்று, கருவி செய்த நிறுவனத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது. போரில் பாய்ந்த செல் துண்டு உடம்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பழகிய ஊழியர்கள் நம்முடையவர்கள். இந்தக் கருவியையும் கேட்டால் புரிந்துகொள்வார்கள். எங்கள் இயன்மருத்துவப் பிரிவிலேயே இருக்கும் சிற்றலை வெப்பச் சிகிச்சை இயந்திரமும் அவருக்குக் கூடாது. அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோக வேண்டாம். மற்றது, திடீரென்று தலை வெடிப்பதுபோல் இடித்து, முகம் சிவந்து வியர்த்து, இரத்த அழுத்தம் ஏறினால் அது சாதாரணத் தலையிடி அல்ல. பெரும்பாலும் சலக் குழாய் மடங்கியிருக்கும் அல்லது மலம் கட்டியிருக்கும். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கிய பட்டியைத் தளர்த்தி, சலக் குழாயைப் பாருங்கள். தணியாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலை.

அயல் தம்பியைப் பற்றி. அவருக்கு இந்தக் கருவி வேண்டாம். முழங்கையை மடக்குகிறார் என்றால் பாதிப்பு ஐந்தாம் அல்லது ஆறாம் மட்டத்தில். பிரிமென்தகட்டுக்குப் போகும் கட்டளை பெரும்பாலும் தப்பியிருக்கிறது. மூச்சை அவரே இழுக்கிறார். அவருக்கு இல்லாதது இருமல் மட்டுமே, அதற்குக் கனடாவுக்குப் போகத் தேவையில்லை. அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, உங்கள் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொப்புளுக்கும் விலா எலும்புக்கும் நடுவே வையுங்கள். ஆழமாக இழுக்கச் சொல்லுங்கள். ஒரு மூச்சு, அதை விடாமல் அதன்மேல் இன்னொன்று. இரும முயலும் அதே கணத்தில் உள்ளேயும் தலைப்பக்கமாக மேலேயும் அமர்த்துங்கள். நெஞ்செலும்பின் நுனியில் கை படக்கூடாது. சாப்பிட்ட உடனே செய்யக்கூடாது. கழுத்து முறிவு ஆறிவிட்டது என்று வைத்தியர் சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறை இயன்மருத்துவர் முன்னால் செய்து காட்டிய பிறகு வீட்டில் காலையும் மாலையும் செய்யலாம். மாங்குளம் ஆதார வைத்தியசாலையின் புனர்வாழ்வுப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்; றாகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே சேர்ந்து நடத்தும் உயிரிழை அமைப்பில் இதே பாதிப்போடு பல வருடம் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். சில விடயங்களை எங்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

இந்தக் கை வித்தையை அந்தத் தம்பியோடு சேர்ந்து இப்போதே பழகத் தொடங்குங்கள். அண்ணா வரும்போது உங்கள் கைக்கு அது வந்திருக்கும். அவருக்கும் செய்யப்போவது இதேதான். பெட்டி இழுத்து முடிந்த கணம் பார்த்து அமர்த்துவது மட்டும் வித்தியாசம்.

நேர்த்திக்கு வருவோம். புளியம்பொக்கணைக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் பங்குனிப் பொங்கல் நாளில் அல்ல. அன்றைய வெயிலிலும் கூட்டத்திலும் மேளச் சத்தத்தில் அவர் கூப்பிட்டாலும் கேட்காது, பெட்டி அலாரம் அடித்தாலும் கேட்காது. மாசியில் ஒரு வேலை நாளின் விடியற்காலையில் போங்கள். மணலில் சக்கரம் புதையும். இரண்டு பலகைத் துண்டு கொண்டுபோங்கள், முன்னே ஒன்று பின்னே ஒன்றாக மாற்றி மாற்றிப் போடலாம். அன்று காலை பற்றரி புதிதாக மாற்றியிருக்கட்டும். அர்ச்சனைத் தட்டு அம்மாவின் கையில், அம்பூ பை உங்கள் கையில்.

அன்புடன்,
உங்கள் இயன்மருத்துவர்